கன்னியப்பனின் காற்றடைத்த பிரபஞ்சம்

பிரபஞ்சத்துக்குள் போக விரும்புகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பிறகு குனிய வேண்டும். குனிந்தாலும் போதாது, ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் தைத்த துணிக்குழாய் வழியாக முட்டி போட்டுத் தவழ்ந்து போக வேண்டும். உத்திரமேரூர் வட்டாரத்தில் வேறு எதற்கும் குனியாத பெரிய மனிதர்கள்கூடக் கன்னியப்பனின் கோளரங்கத்துக்குள் இப்படித்தான் போயிருக்கிறார்கள். அந்தப் பெருமையே போதும் என்று அவர் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அதனால்தான் போன மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, முழுப் பிரபஞ்சமும் நாற்பது பேரோடு சேர்ந்து எரிந்துபோகப் பார்த்தது.

கன்னியப்பன் படித்தது பத்தாவது வரை. 'சூரியன் ஒரு ______' என்ற கோடிட்ட இடத்தில் 'சாமி' என்று எழுதித் தோற்றவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதைக் கடுமையாக மறுக்கிறார். 'கிரகம்' என்றுதான் எழுதினாராம். நட்சத்திரம் என்று எழுதியிருந்தால் மேலே படித்து எங்காவது ஆபீஸில் உட்கார்ந்திருப்பார். சூரியன் நட்சத்திரம் என்பதை நாற்பது வயதுக்கு மேல் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரியும் வேலை அவருக்கு வந்திருக்காது.

இடையில் ஷாமியானா போட்டார். மைக் செட் கட்டினார். அப்புறம் திருவிழாக்களில் பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற காற்றுக்கோட்டை ஒன்றை வைத்துப் பிழைத்தார். அவருக்கு உறுதியாகத் தெரிந்த விஞ்ஞானம் அங்கேதான் கிடைத்தது. ஊதுகிற மோட்டார் ஓடினால் கோட்டை. நின்றால் துணி. இந்தத் தத்துவத்தை மனதில் வைத்துக்கொண்டுதான், செங்கல்பட்டுப் பக்கம் தொழிலை மூடிக்கொண்டிருந்த ஒரு ஆளிடமிருந்து பழைய கோளரங்கக் கூடாரத்தை வாங்கி வந்தார். வெளியே வெள்ளி நிறம், உள்ளே கறுப்பு, நைலான் துணி. நடுவில் வைக்க ஒரு புரொஜெக்டர், ஒரு கிழட்டு லேப்டாப். கூடவே இங்கிலீஷில் விளக்கம் சொல்லும் ஒரு ஆண் குரலும் வந்தது. அந்தக் குரல் பேசத் தொடங்கியதும் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கியதால், கன்னியப்பன் அதை அணைத்துவிட்டுத் தன் குரலைப் போட்டார்.

"இந்தப் பூசணிக்கா சூரியன்னு வெச்சிக்க. இத்த நம்ம பஸ் ஸ்டாண்டுக்குள்ள வெச்சாச்சி. பூமி எங்க கீது? பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஒரு கடுகு. அவ்ளோதான் நீ, நானு, உங்க எட்மாஸ்டரு எல்லாம். சனி? அப்பிடியே நடந்து போ, டீக்கட தாண்டி ஒரு நெல்லிக்கா. சரி, ராத்திரி மேல பாக்குறியே நட்சத்திரம், அதுவும் ஒரு பூசணிக்காதான். அடுத்த பூசணிக்கா எங்க கீது, சொல்லு?"

வாலாஜாபாத் என்று ஒரு பிள்ளை சொல்லும். காஞ்சிபுரம் என்று இன்னொன்று. தைரியசாலி யாராவது சென்னை வரை போவான்.

"லண்டனுக்கும் அந்தாண்ட. நடுவுல ஒண்ணும் கெடயாது. சும்மா காலி."

அந்தக் காலியைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கலக்கம் இருக்கும். பிள்ளைகளும் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். வாத்தியார்கள் அந்த அமைதியைத் தங்கள் கட்டுப்பாட்டின் வெற்றி என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. கூடாரத்தின் கீழ் விளிம்பு தரையோடு சும்மாதான் படிந்திருக்கும். காசு கொடுக்காத விடலைகள் அதைத் தூக்கிவிட்டுத் தலையை மட்டும் உள்ளே நீட்டி ஓசியில் பால்வீதி பார்த்தார்கள். ஒருமுறை ஆடு ஒன்று பார்த்தது. கன்னியப்பனுக்கு இது பொறுக்கவில்லை. கனத்த தார்ப்பாய் ஒன்றைத் தரையாகப் போட்டு, கூடாரத்தின் விளிம்பைச் சுற்றிலும் அதோடு சேர்த்துக் கோணி ஊசியால் தைத்துவிட்டார். அதன்பின் பிரபஞ்சத்துக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வழி, அந்தத் துணிக்குழாய்தான். இதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் மறந்துவிட்டார்.

மாசி வந்தால் பள்ளிக்கூடங்களுக்குப் பரீட்சை ஜுரம் வந்துவிடும். கேள்வித்தாளில் பிரபஞ்சத்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் தருவதில்லை என்பதால், அந்த மாதத்தில் யாரும் அதைக் கூப்பிடுவதில்லை. கூடாரம் வீட்டு மூலையில் மூட்டையாகக் கிடந்தது. அதன்மேல் காய்ந்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி இளவரசிக்குத்தான் யோசனை வந்தது.

"சும்மா மூட்ட கட்டி வெச்சிக்கினு இன்னாய்யா பண்ணப் போற? சனிப்பெயர்ச்சி வருது. சனமே கோயிலுக்குப் போவுது. உங்கிட்ட சனி கீறாரு இல்ல?"

"கீறாரு. வளையத்தோட கீறாரு."

"கோயில்ல வளையம் காட்டுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்பறம் இன்னா?"

சனிப்பெயர்ச்சி ஒரு பஞ்சாங்கத்தின்படி போன வருஷமே நடந்து முடிந்துவிட்டது. இன்னொரு பஞ்சாங்கத்தின்படி இந்த வருஷம்தான். சனியோ இரண்டையும் புரட்டிப் பார்க்காமல், இருபத்தொன்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சுற்று என்ற கணக்கில் சூரியனைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறது. போதாததற்கு அந்த வாரம் அது சூரியன் விழுகிற திசையிலேயே ஒட்டிக்கொண்டு வெளிச்சத்தில் மறைந்திருந்தது. ஊரே கும்பிடுகிற சமயத்தில் வானத்தில் ஆள் அகப்படவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கத்தான், உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஒரு கிராமத்தில், கோயிலுக்கு எதிர்த் திடலில் கன்னியப்பன் கூடாரத்தை ஊதி நிறுத்தினார். வாசலில் பலகை: 'சனி பகவான் வளையத்தோடு நேரடி தரிசனம். ஏசி இல்லை. காற்று உண்டு.'

வாசலில் இளவரசி கறாராக நின்றாள். ஆண்களின் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து பீடி, சிகரெட், தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கிப் போட்டாள். "உள்ள எல்லாம் நைலானு. ஒரு பொறி பட்டா போச்சி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பெண்களின் பூஜைக் கூடைகளை மட்டும் அவள் தொடவில்லை. தொடவில்லை என்பதும் சரியில்லை. ஊரின் பெரிய பயிர்க்காரர் வீராசாமியின் மனைவி தாயாரம்மாள் கூடையோடு தவழ முடியாமல் திணறியபோது, கூடையை வாங்கிப் பூவை ஒதுக்கி, நசுங்காமல் உள்ளே தள்ளிவிட்டவளே அவள்தான். அந்தக் கூடையில் எள் மூட்டை, நல்லெண்ணெய், அகல், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தீப்பெட்டி. பையில் இருந்தால்தான் அது தீப்பெட்டி. கூடையில் இருந்தால் பூஜைச் சாமான்.

உள்ளே நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். வெளியே மோட்டார் உறுமியது. கன்னியப்பன் நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்து சூரியனைக் காட்டினார். யாரும் அசையவில்லை. வெள்ளியைக் காட்டினார், செவ்வாயைக் காட்டினார். கல்யாணத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள் கச்சேரி கேட்பதுபோலக் கேட்டார்கள். அப்புறம் உச்சியில் வளையத்தோடு சனி எழுந்தது.

உடனே கூட்டம் கலைந்து ஒதுங்கப் பார்த்தது. சனிக்கு நேர் எதிரே யாராவது நிற்பார்களா? கோயிலில் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, அவர் பார்வை தன்மேல் விழாதபடிதான் கும்பிடுவார்கள். இங்கே அவர் தலைக்கு மேலே நிற்கிறார். எங்கே உட்கார்ந்தாலும் நேர் எதிர்தான்.

"யக்கா, நவுறுக்கா, நேரா என் மேலயே வுயுது பார்வ."

"எங்க நவுறது? எம்மேலயும்தான் வுயுது."

நாற்பது பேரும் பின்னால் தள்ளித் தள்ளிச் சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டார்கள். நைலான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் புடைத்துக்கொண்டது.

"இது படந்தாங்க. பயப்படாதீங்க" என்றார் கன்னியப்பன்.

"கோயில்ல கீறது கல்லுதான். அதுக்காக எதுர்ல நிப்பியா?" என்று ஒரு குரல் கேட்டது. 

அப்போதுதான் வாசனை வந்தது. நல்லெண்ணெய் வாசனை. அதன் பின்னால் எள் கருகுகிற வாசனை. அதற்கும் பின்னால், கிழக்குப் பக்கம் இருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மங்கின. விடியற்காலைபோல ஒரு சிவப்பு கூடாரத்தின் கீழ்ப்பகுதியில் ஏறியது. கன்னியப்பன் தன் லேப்டாப்பில் விடியலை வைக்கவில்லை. திரும்பிப் பார்த்தார்.

தாயாரம்மாள் எள் தீபம் ஏற்றியிருந்தாள். சுடருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண். மோட்டார் அடிக்கிற காற்றில் சுடர் சுவர்ப்பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. பக்கத்தில் வீராசாமி கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அவருக்கு மேஷ ராசி. அன்றைக்குத்தான் அவருக்கு ஏழரை தொடங்குகிறது.

கன்னியப்பன் கணக்குப் போட்டார். 'நெருப்பு' என்று கத்தினால் நாற்பது பேரும் அந்த ஒற்றைக் குழாயை நோக்கிப் பாய்வார்கள். விளக்கு தானாகவே கவிழும். மோட்டாரை நிறுத்தச் சொன்னால் கூரை மெதுவாக இறங்கி நேராகச் சுடரின் மேல் வந்து படுக்கும். விளிம்பைத் தூக்கி ஆட்களை வெளியே தள்ளலாம் என்று சுவரோரம் பார்த்தார். கோணி ஊசித் தையல் கண்ணில் பட்டது. அவர் போட்ட தையல்தான். இரட்டையாகப் போட்டிருந்தார்.

குரலை இறக்கிச் சொன்னார்: "எம்மா, அந்த வெளக்க கொஞ்சம் அணைச்சிடுங்கம்மா."

தலைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

"இன்னா சொன்ன?" என்றாள் தாயாரம்மாள். "பெயர்ச்சியன்னிக்கு, அவரு பாத்துக்கினு கீறப்ப, எங்க வூட்டுக்காரருக்கு ஏயர ஆரம்பிக்கிற நேரத்துல, அணைன்றியா? அது வாயா இன்னாபா?"

"இல்லமா, நைலானு..."

"நைலானாம் நைலானு. அவருக்கு மேலயா உன் நைலானு?"

நாலு பேர் முணுமுணுத்தார்கள். எட்டி ஊதிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். ஊதினால் வீராசாமியின் ஏழரை வருஷத்துக்கும் கன்னியப்பன்தான் பொறுப்பு. மாடு மடி வற்றினாலும் போர்வெல் பொய்த்தாலும் அவர் வீட்டு வாசலில்தான் ஆள் வந்து நிற்கும். அதற்கு முன்பே இங்கே கைகலப்பு வரும். கைகலப்பில் முதலில் சாய்வது அகல்விளக்கு.

"யக்கா, அதுலருந்தே எனக்கும் ஏத்திக் குடுக்கா" என்றது ஒரு குரல். இன்னொரு கூடை திறந்தது. இன்னொரு அகல் வெளியே வந்தது. எதிர்ப்பக்கத்தில் யாரோ எண்ணெய்ச் சீசாவின் மூடியைத் திருகினார்கள்.

"எவ்ளோ நேரம்மா எரியணும் அது?" என்று கேட்டார் கன்னியப்பன்.

"சாமி எடம் பேர்ந்து போற வரிக்கும்."

"போயிட்டா?"

"போயிட்டா நானே பூவ வெச்சி மலையேத்திடப் போறேன். இங்கயே குடித்தனம் பண்றனா?"

கன்னியப்பன் சுடரைப் பார்த்தார். உச்சியில் இருந்த சனியைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பில் தூரத்தைக் கூட்டுகிற பொத்தானில் விரலை வைத்து அழுத்தினார்.

சனி சிறுத்தது. வளையம் மெலிந்து கோடானது.

"பாருங்க, கெளம்பிட்டாரு" என்றார். "நெல்லிக்கா மாதிரி இருந்தாரு, மொளகு மாதிரி ஆயிட்டாரு, தோ..."

லேப்டாப் நின்றது. திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது. அந்தக் கருவிக்கு இப்படி அடிக்கடி யோசனை வரும். பள்ளிக்கூடங்களில் அந்த நேரத்தைக் கன்னியப்பன் விடுகதை சொல்லி ஓட்டுவார். இப்போது அவருக்கு ஒரு விடுகதையும் ஞாபகம் வரவில்லை.

"இன்னும் தெரியறாரு" என்றாள் தாயாரம்மாள். "தோ, புள்ளியா கீறாரே."

சுவர் ஒருமுறை உள்வாங்கிப் புடைத்தது. சுடருக்கும் அதற்கும் இப்போது ஒரு சாண் இல்லை. பக்கத்துப் பெண் தன் திரியை நீட்டினாள். அவள் கை சுடரை நெருங்கியது.

"யாரும் புதுசா ஏத்தாதீங்க!" கன்னியப்பன் அலறினார். "போறவர ஏம்மா மறுபடி கூப்புடறீங்க?"

நீண்ட கை அப்படியே நின்றது. எதிர்ப்பக்கம் எண்ணெய்ச் சீசாவின் மூடி அவசரமாகத் திருகிக்கொண்டது. கிளம்பிப் போகிற சனியைத் திரும்பக் கூப்பிட்டவள் என்ற பேர் வாங்க யாருக்கும் தெம்பில்லை.

வட்டம் சுற்றுவது நின்றது. படம் குலுங்கிப் பின்வாங்கியது. சனியின் புள்ளி அணைந்தது. சூரியன் பெரிதாக ஒரு கணம் தெரிந்து, சுருங்கி, மற்ற நட்சத்திரங்களோடு ஒன்றாகிப் போனது. கன்னியப்பன் மூச்சு விடாமல் பேசினார்.

"தோ, அதான் நம்ம சூரியன். இப்ப அதுவும் ஒரு நட்சத்திரம், அவ்ளோதான். பக்கத்து நட்சத்திரத்துலருந்து பாத்தா வெளிச்சம் வந்து சேரவே நாலு வருசத்துக்கு மேல ஆவும். இன்னும் போவலாம். தோ சூரியனும் பூட்ச்சி. இது பால்வீதி. பத்தாயிரங்கோடி நட்சத்திரத்துக்கு மேல கீது இதுல. இந்த மொனையிலருந்து அந்த மொனைக்கு வெளிச்சம் போவ லட்சம் வருசம். இன்னும் போவலாம். தோ பாரு, இது பக்கத்து வூடு, இன்னொரு பால்வீதி மாதிரி. அங்கருந்து கெளம்புன வெளிச்சம் நம்ம கண்ணுக்கு வர இருவத்தஞ்சி லட்சம் வருசம். இந்த மாதிரி வூடு எண்ணி மாளாது..."

இருட்டில் மாவு தெளித்ததுபோலப் பால்வீதிகள் மட்டும் இருந்தன.  முதலில் வாய் திறந்தவர் வீராசாமி. கண்ணை அவர் எப்போது திறந்தார் என்று யாருக்கும் தெரியாது.

"சனி எங்கபா?"

"காணோங்க."

"சூரியன்?"

"அதுவுந்தான்."

"நம்ம ஏரி, நெலமெல்லாம்?"

"நீங்களே தெரிலிங்க. இங்கருந்து பாத்தா உங்கள எவன் கண்டுபுடிக்கப் போறான்?"

வீராசாமி நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்ப சனியாலயும் முடியாது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

தாயாரம்மாள் மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினாள். கூடையிலிருந்து ஒரு சங்குப்பூவை எடுத்தாள். "போயிட்டு வா..." என்று பழக்கத்தில் தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போ சாமி. போ" என்று திருத்திச் சொல்லி, பூவைச் சுடர்மேல் வைத்து அழுத்தினாள்.

இருட்டு. கன்னியப்பனின் தோள்கள் இறங்கின.

மறுகணம் சீழ்க்கைபோல மெல்லிய சத்தம் கேட்டது. சுடர் மலையேறும்போது கடைசியாக ஒருமுறை சாய்ந்து சுவரை நக்கிவிட்டுப் போயிருந்தது. கிழக்கே, தரைக்குக் கொஞ்சம் மேலே, கடலை அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியே மாசி மாத வெயில், பிரபஞ்சத்தின் எல்லா நட்சத்திரங்களையும்விடப் பிரகாசமாக உள்ளே வந்தது.

"தோ! வந்துட்டாரு!"

"எங்க? எங்க?"

"அய்யோ, திரும்பிட்டாரே!"

தாயாரம்மாளின் கை கூடைக்குள் போனது. தீப்பெட்டி குலுங்குகிற சத்தம் கேட்டது.

கன்னியப்பன் எழுந்து, யார் மடியில் மிதித்தோம் என்று பார்க்காமல் பாய்ந்து, அந்த ஓட்டையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உருகின நைலான் விரலோடு ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அது... வேற நட்சத்திரம்மா. மறைஞ்சிடிச்சி பாருங்க."

தீப்பெட்டியின் சத்தம் நின்றது.

"எல்லாரும் ஒவ்வொருத்தரா கெளம்புங்க. வயசானவங்க மொதல்ல. வெளக்கு, கூடையெல்லாம் வெளிய போயி பாத்துக்கலாம்." விரலை எடுத்துவிட்டு முதுகால் ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவராக முட்டி போட்டுக் குழாய்க்குள் போனார்கள். பாதி வழியில் ஒரு அம்மாள் செருப்பைப் பற்றி யாரையோ கேட்கத் திரும்பியதில் வரிசையே நின்றது. கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். வரிசை மறுபடி நகர்ந்தது. கடைசியாகப் போன தாயாரம்மாள் அவர் நெற்றியில் விபூதி பூசினாள்.

"நல்ல தரிசனம்பா. வாய்தான் செரியில்ல உனுக்கு."

அவள் கால் குழாயில் மறைந்த பிறகு இளவரசியின் தலை உள்ளே வந்தது.

"இன்னாய்யா சாஞ்சி ஒக்காந்துகினு கீற? அடுத்த செட்டு வெயில்ல நிக்கிது."

"அடுத்த செட்டு கெடயாது."

"பேஜார் பண்ணாதய்யா..."

அவர் கட்டைவிரலைக் காட்டினார். கொஞ்சம் நகர்ந்து முதுகுக்குப் பின்னால் இருந்ததையும் காட்டினார். வெயில் அவள் முகத்தில் ஒரு பொட்டாக விழுந்தது. எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. அவள் அப்படியே பின்னோக்கித் தவழ்ந்து போனாள். சற்று நேரத்தில் வெளியே கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. கூடாரத்தைச் சுற்றி வந்து, அந்த இரட்டைத் தையலை அவளே வெட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது கன்னியப்பனின் பலகையில், 'தீபம், கற்பூரம், ஊதுபத்தி ஆகியவையும் நெருப்பே' என்று ஒரு வரி கூடியிருக்கிறது. கூடைகளை இளவரசி அடி வரை துழாவுகிறாள். விளிம்பைத் தூக்கிக்கொண்டு ஓசியில் நுழைகிற தலைகளை யாரும் விரட்டுவதில்லை. ஓட்டைக்குக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. வெயில் காலத்தில் பசை இளகி, கிழக்கே அந்தப் புது நட்சத்திரம் எட்டிப் பார்க்கும். அது எது என்று பிள்ளைகள் கேட்டால் கன்னியப்பன் வடுப்பட்ட கட்டைவிரலைக் காட்டுவார். அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்த பிறகு நடந்த முதல் காட்சிக்கு வீராசாமி வந்திருந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில், வேட்டியை மடித்துக்கொண்டு, முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார். சூரியனுக்கு அவர் நிமிரவில்லை. சனி வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டார். பால்வீதியும் சிறுத்து மாவுத்தூளாகப் போன பிறகுதான் தலையைத் தூக்கினார்.

"முடிஞ்சிதுங்க" என்றார் கன்னியப்பன்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போபா" என்றார் வீராசாமி. "இங்கருந்து அவரு கண்ணுக்குத் தெரிஞ்சாலும் தெரியும்."